மோஸ்டோலெஸ் கோபுரம்: 9 நாள் வெயில், 62 சுழற்சி, கைநழுவிய வெப்பம்

ஸ்பெயினில் மாட்ரிட்டை ஒட்டிய மோஸ்டோலெஸ் என்ற ஊரில், இம்தேயா எனர்ஜி ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில், ஒரு சூரியக் கோபுரம் நிற்கிறது. அதன் முன்னால் தரையில் 169 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் சூரியனோடு சேர்ந்து மெல்லத் திரும்பி, தன்மேல் விழும் வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்பி அனுப்புகிறது. உச்சியில் இருக்கும் உலையின் வாய் 16 சென்டிமீட்டர்தான், ஒரு சாணுக்கும் குறைவு. அந்தச் சின்ன வாய் வழியாகச் சுமார் 50 கிலோவாட் வெயில் உள்ளே இறங்குகிறது. சாதாரண வெயிலைப் போல 2,500 மடங்கு அடர்த்தி. உள்ளே போன கரியமில வாயுவும் நீராவியும் எரியக்கூடிய வாயுவாக வெளியே வருகின்றன. அந்த வாயு கோபுரத்தின் அடியிலேயே மண்ணெண்ணெயாகவும் டீசலாகவும் மாறுகிறது.

சூரிய வெப்பம், தண்ணீர், கரியமில வாயு ஆகிய மூன்றை வைத்து விமான எரிபொருள் வரை முழுச் சங்கிலியையும் ஒரே கோபுரத்தில் செய்துகாட்டியது இதுதான் முதல் முறை. 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த சன்-டு-லிக்விட் திட்டம் இது. முடிவுகள் 2022 ஜூலையில் 'ஜூல்' ஆய்விதழில் வெளிவந்தன. அந்த முடிவுகளில் ஓர் எண் இருக்கிறது: 4.1 சதவீதம். உலைக்குள் நுழைந்த வெயிலில் அவ்வளவுதான் எரிபொருள் வாயுவாகச் சேமிக்கப்பட்டது. மீதி 96 சதவீதம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இந்தத் துறையின் எதிர்காலமே அந்த 96-க்குள் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேதியியல் பக்கம் பெரிய தடை இல்லை. வெப்பத்தைக் கையாள்வதில்தான் எல்லாச் சிக்கலும்.

எரிந்ததைத் திரும்ப எரிபொருளாக்குவது

கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த பொருள். அதில் இனி எடுக்க எதுவும் இல்லை. அதைத் திரும்ப எரிபொருளாக்க வேண்டுமென்றால், எரியும்போது வெளியே போன ஆற்றலைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கரியமில வாயுவிலிருந்து ஓர் ஆக்ஸிஜன் அணுவைப் பிரித்துக் கார்பன் மோனாக்சைடாக்க 283 கிலோஜூல் தேவை. இதில் பேரம் கிடையாது. எந்த வழியில் போனாலும் இந்தத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும்.

நேரடியாகச் சூடாக்கினால் உடையாதா என்று கேட்கலாம். உடையும். ஆனால் 2,000 டிகிரியைத் தாண்டிப் போக வேண்டும். அப்படியே உடைத்தாலும் கார்பன் மோனாக்சைடும் ஆக்ஸிஜனும் ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில் கலந்து நிற்கும். ஆற விட்ட மறுநொடி இரண்டும் திரும்பச் சேர்ந்து பழைய கரியமில வாயுவாகிவிடும். வெடிக்கும் அபாயம் வேறு. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்து, ஆக்ஸிஜனை ஒரு நேரத்திலும் எரிபொருளை இன்னொரு நேரத்திலும் வெளியே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. அதற்கு இடையில் ஒரு தரகர் தேவை.

அந்தத் தரகர்தான் சீரியா, அதாவது சீரியம் ஆக்சைடு. கண்ணாடியை மெருகேற்றும் பொடியிலும், கார் புகைக்குழாயின் வினையூக்கியிலும் இருக்கும் அதே பொருள். அரிய மண் தனிமம் என்று பெயர் இருந்தாலும் சீரியம் அவ்வளவு அரிதானதல்ல. பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ செம்பு அளவுக்கு இருக்கிறது. சுத்தமான சீரியா வெளிர் மஞ்சளாக இருக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்து 1,500 டிகிரிக்குச் சூடாக்கினால் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனில் கொஞ்சத்தை விட்டுவிடுகிறது. நிறம் கருநீலமாக இருண்டுவிடும். ஆனால் உருகாது, உடையாது, படிக அமைப்பும் மாறாது. அணுக்கூட்டில் அங்கங்கே ஆக்ஸிஜன் இருந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். அப்புறம் சூட்டை 1,000 டிகிரிக்குக் கீழே இறக்கி, கரியமில வாயுவை ஊதினால், காலி இடங்களை நிரப்ப அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. மீதியாக வெளியே வருவது கார்பன் மோனாக்சைடு. நீராவியை ஊதினால் அதே மாதிரி ஹைட்ரஜன். சீரியா பழையபடி மஞ்சளாகி அடுத்த சுற்றுக்குத் தயார். செலவாவது கரியமில வாயு, தண்ணீர், வெப்பம் மட்டும்தான்.

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவுக்குச் சின்காஸ் என்று பெயர். அது கையில் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகான வழி நூறு வருடப் பழசு. 1920-களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்டுபிடித்த முறையில் அதைத் திரவ எரிபொருளாக்கலாம். நிலக்கரியிலிருந்து இந்த வழியில் பெட்ரோலும் டீசலும் பெருமளவில் தயாரித்துவரும் ஆலைகள் உண்டு. எனவே அந்தப் பகுதியை இங்கே நீட்டவில்லை.

கோபுரத்துக்கு முந்தைய படிகள்

சீரியாவுக்கு முன்பே பலரும் பலதை முயன்றார்கள். துத்தநாக ஆக்சைடு ஒன்று. அதை உடைத்தால் துத்தநாகம் ஆவியாகவே வெளியே வரும், அதை ஆக்ஸிஜனோடு சேரவிடாமல் சட்டென்று குளிரவைக்க வேண்டும், அதிலேயே நிறையச் சூடு பாழ். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் இரும்பு கலந்த ஆக்சைடுகளை எடுத்துக்கொண்டு, எதிரெதிர்த் திசையில் சுழலும் வளையங்கள் கொண்ட ஓர் உலையைக் கட்டியது. அந்த வளையங்களுக்குப் பின்னர் வருகிறேன். இந்தக் கதையில் அவற்றுக்கு முக்கியமான இடம் இருக்கிறது.

2010-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் சோசினா ஹைலே, வில்லியம் சுவே, சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்ட் ஆகியோரின் குழு 'சயின்ஸ்' இதழில் சீரியா உலையின் முடிவுகளை வெளியிட்டது. செயல்திறன், அதாவது வெயிலில் எரிபொருளாக மாறிய பங்கு, 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் 500 சுழற்சி தாண்டியும் சீரியா சளைக்கவில்லை. அது பெரிய செய்தி. அடுத்து ஐரோப்பாவின் சோலார்-ஜெட் திட்டம். 2014-ல் இந்த வழியில் உலகின் முதல் 'சூரிய மண்ணெண்ணெய்' என்று அறிவித்தது. அளவு ஒரு கண்ணாடிக் குவளைக்குள் அடங்கும். வெயிலும் உண்மையான வெயில் இல்லை, செனான் விளக்குகளின் ஒளி. 2017-ல் சூரிச் ஆய்வகத்தில் கரியமில வாயுவை மட்டும் உடைத்து 5.25 சதவீதம் எட்டினார்கள்.

இந்தச் சீரியாச் சோதனைகள் எல்லாம் ஆய்வகத்துக்குள், சில கிலோவாட் அளவில் நடந்தவை. விளக்கு மேகத்துக்குப் பின்னால் போகாது, காற்றில் ஆடாது. வெளியே, உண்மையான வெயிலில், பத்து மடங்கு பெரிய உலையில் இதே வேலை நடக்குமா என்பதுதான் மோஸ்டோலெஸின் சோதனை. ஜெர்மனியின் விமானத்துறை ஆய்வு நிறுவனமான பாவ்ஹவுஸ் லுஃப்ட்ஃபார்ட் ஒருங்கிணைத்தது. உலை சூரிச்சிலிருந்து வந்தது. கண்ணாடி வயலும் கோபுரமும் இம்தேயாவுடையவை. எரிபொருளாக்கும் கலனை ஹைகியர் என்ற நெதர்லாந்து நிறுவனம் கட்டியது. ஜெர்மனியின் டி.எல்.ஆர். விண்வெளி ஆய்வு மையம் வெயிலின் அடர்த்தியை அளந்தது.

ஒரு சுழற்சி, பக்கத்திலிருந்து

உலைக்குள் இருக்கும் சீரியா பொடியாகவோ கட்டியாகவோ இல்லை. கடல்பஞ்சு போல, ஆனால் கல்லாக இறுகிய பஞ்சு. செய்முறையும் அப்படித்தான். பாலியூரித்தேன் நுரைப்பஞ்சைச் சீரியாக் குழம்பில் நனைத்து எடுத்து, உலையில் வைத்துச் சுடுவார்கள். பஞ்சு எரிந்து போய்விடும், அதன் உருவம் மட்டும் பீங்கானாக நிற்கும். இதில் இரண்டு விதமான துளைகள். கண்ணுக்குத் தெரியும் மில்லிமீட்டர் துளைகள், வெயில் மேல்பரப்போடு நிற்காமல் உள்ளே வரை இறங்குவதற்கு. பஞ்சின் நரம்புகளுக்குள்ளேயே இருக்கும் மைக்ரோமீட்டர் துளைகள், வாயு வேகமாக வந்து வினைபுரிவதற்கு. இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவந்தது, என்னைக் கேட்டால், இந்தக் குழுவின் மிக அழகான வேலை.

இந்தப் பஞ்சுக் கற்களை ஒரு குழியின் சுவர் போல அடுக்கி, சுற்றிலும் கனமான வெப்பக்காப்பு வைத்து, முன்வாயை ஒரு குவார்ட்ஸ் கண்ணாடியால் அடைத்திருக்கிறார்கள். வெயில் உள்ளே போகலாம், காற்று போகக்கூடாது.

முதலில் கண்ணாடிகள் உலையை நோக்கித் திரும்புகின்றன. வெற்றிடப் பம்பு உள்ளே இருக்கும் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சீரியாவின் சூடு 900-லிருந்து ஏறி 1,500-ஐ நெருங்கும்போது ஆக்ஸிஜன் கழன்று பம்பு வழியாக வெளியேறுகிறது. உரிய சூடு வந்ததும் கண்ணாடிகள் வெயிலை உலையை விட்டு விலக்கிவிடுகின்றன. இப்போது உலை ஆறுகிறது. வேண்டிய அளவு இறங்கியதும் கரியமில வாயுவும் நீராவியும் ஒன்றாக உள்ளே விடப்படுகின்றன. சின்காஸ் வரத் தொடங்குகிறது. வருவது குறைந்ததும் வாயுவை நிறுத்தி, மறுபடி வெயில். இவ்வளவுதான் ஒரு சுழற்சி.

ஆற விடும் அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பல மெகாஜூல் வெயிலைக் கொட்டி 1,500 டிகிரிக்கு ஏற்றிய ஒரு பொருளை, அடுத்த வேலைக்காக நாமே ஆற விடுகிறோம். அந்தச் சூடு எதற்கும் பயன்படாமல் போகிறது. அடுத்த சுற்றில் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஏழு தடவை.

என்ன கிடைத்தது

9 நாட்களில் 62 சுழற்சிகள். மொத்தம் 5,000 லிட்டருக்குச் சற்று மேல் வாயு. அதில் ஹைட்ரஜன் ஏறத்தாழ 32 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 15 சதவீதம், மீதி 53 சதவீதம் மாறாமல் வந்த கரியமில வாயு.

முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். ஹைட்ரஜன் கார்பன் மோனாக்சைடைப் போல இரண்டு மடங்கு. மண்ணெண்ணெய் செய்ய இதே விகிதம்தான் வேண்டும். உள்ளே விடும் நீராவியையும் கரியமில வாயுவையும் கூட்டிக் குறைத்தே இதை வரவழைத்திருக்கிறார்கள். அப்புறம் திருத்த வேண்டிய வேலையே இல்லை. ஹைட்ரஜனைத் தனியாகவும் கார்பன் மோனாக்சைடைத் தனியாகவும் செய்து கலக்கும் மற்ற வழிகளில் இந்த வசதி கிடையாது. மூன்றாவது எண் அவ்வளவு நல்லதல்ல. பாதிக்கு மேல் கரியமில வாயு சும்மா போய்விட்டு வந்திருக்கிறது. பெரிய ஆலையில் அதைப் பிரித்துத் திரும்ப உலைக்கே அனுப்ப வேண்டும், அதற்கும் ஆற்றல் செலவாகும்.

இந்த வாயுவில் உள்ள ஆற்றலை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜன் சுமார் 74 மோல், கார்பன் மோனாக்சைடு சுமார் 35 மோல். இரண்டும் சேர்ந்து 28 மெகாஜூல் அளவு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 34 மெகாஜூல் இருக்கிறது. அதாவது 169 கண்ணாடிகளும் ஒரு கோபுரமும் 9 நாட்கள் 62 சுற்று ஓடி, ஒரு லிட்டர் மண்ணெண்ணெயை விடக் குறைவான ஆற்றலைச் சேமித்திருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இது உற்பத்தி ஆலை அல்ல, சோதனை உலை, நாள் முழுக்க இடைவிடாமல் ஓட்டவும் இல்லை. ஆனால் 'கரியமில வாயுவிலிருந்து விமான எரிபொருள் தயார்' என்ற தலைப்புகளைப் படிப்பவர்களுக்கு இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

வெப்பம் போன இடம்

இப்போது கேள்விக்கு வரலாம். ஒரு கிலோ சீரியாவை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 5.8 மோல் இருக்கிறது. 1,500 டிகிரியில், குறைந்த அழுத்தத்தில், ஒவ்வொரு மோலும் 0.03 மோல் அளவு ஆக்ஸிஜன் அணுக்களை விடுவதாக வைப்போம். ஆக ஒரு சுழற்சியில் 0.17 மோல் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். எடை 5 கிராமுக்கும் குறைவு. அதில் அடங்கிய ஆற்றல் 49 கிலோஜூல்.

இதற்கு என்ன கொடுத்தோம்? ஆக்ஸிஜனைச் சீரியாவிலிருந்து கழற்ற 80 கிலோஜூல் சொச்சம். இது நியாயமான செலவு, இதில்லாமல் வேலை நடக்காது. ஆனால் அந்த ஒரு கிலோ கல்லை 900-லிருந்து 1,500-க்குக் கொண்டுபோக மட்டும் சுமார் 280 கிலோஜூல் ஆகிறது. வேலைக்கு 80, வேலை நடக்கும் இடத்தைச் சூடாக்க 280. ஒரு கிலோ கல்லில் 995 கிராமுக்கு மேல் வினையில் சேராமல் சும்மா சூடாகி, சும்மா ஆறுகிறது. சீரியாவிடம் எல்லா நல்ல குணமும் இருக்கிறது, ஆனால் ஒரு சுற்றில் விட்டுக்கொடுக்கும் ஆக்ஸிஜன் மிகக் கொஞ்சம். மொத்தக் கதையின் வில்லன் இந்த விகிதம்தான்.

இது கல்லுக்கு மட்டும் போட்ட கணக்கு. உண்மையான உலையில் சுற்றியுள்ள வெப்பக்காப்பின் உள்பக்கமும் கல்லோடு சேர்ந்து சூடாகி ஆறுகிறது. அதன் எடையும் சேரும்போது நிலைமை இன்னும் மோசம். மோஸ்டோலெஸ் அறிக்கையும் இதையேதான் பெரிய இழப்பாகச் சொல்கிறது: இரண்டு படிகளுக்கு நடுவே தூக்கி எறியப்படும் வெப்பம்.

அடுத்த இழப்பு, உலையின் வாய். 1,500 டிகிரியில் இருக்கும் எதுவும் தானே ஒளிரும். வெயில் உள்ளே வரும் அதே ஓட்டை வழியாக வெளிச்சமும் வெப்பமும் வெளியே கொட்டும். அந்தச் சூட்டில் ஒரு சதுர மீட்டர் வாய் 560 கிலோவாட் அளவு திருப்பி உமிழும். உள்ளே வருவது 2,500 மடங்கு வெயில், அதாவது சதுர மீட்டருக்கு 2,500 கிலோவாட். ஆக 22 சதவீதம் வந்த வழியே திரும்பிப் போகிறது. 1,000 மடங்கு அடர்த்தியோடு நின்றிருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். கண்ணாடிகளைத் துல்லியமாகக் குறிவைக்க இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான். வாயைச் சிறிதாக்க வேண்டும், சிறிய வாய்க்குள் எல்லா வெயிலும் விழவும் வேண்டும். கண்ணாடி ஒன்று காற்றில் கொஞ்சம் அசைந்தாலும் வெயில் ஓட்டையைத் தவறவிட்டு விளிம்பைச் சுடும்.

வெற்றிடப் பம்பு ஓட மின்சாரம், வெப்பக்காப்பைத் தாண்டிக் கசியும் சூடு, குவார்ட்ஸ் கண்ணாடி திருப்பி அனுப்பும் ஒளி என்று சில்லறைச் செலவுகளும் உண்டு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 4.1 என்பது உலைக்குள் நுழைந்த வெயிலை வைத்துச் சொன்னது. தரையில் உள்ள கண்ணாடிகளில் பட்டு வழியில் சிதறியது இந்தக் கணக்கில் இல்லை. சின்காஸைத் திரவமாக்கும்போது போவதும் இல்லை.

எறிந்த வெப்பத்தை எப்படிப் பிடிப்பது

சாண்டியாவின் வளையங்களுக்குத் திரும்ப வேண்டிய இடம் இது. ரிச் டைவர் வடிவமைத்த அந்த உலையில் வளையங்களை அடுக்கி, ஒன்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் மெல்லச் சுழலும்படி வைத்திருந்தார்கள். ஒருபக்கம் வெயில், மறுபக்கம் கரியமில வாயு. வெயிலிலிருந்து சூடாகத் திரும்பும் வளையம், எதிர்த்திசையில் வெயிலை நோக்கிக் குளிர்ந்து போகும் பக்கத்து வளையத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடும். நோய் என்ன என்பதை அவர்கள் முதலிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சூட்டில் சுழலும் பீங்கான் வளையங்கள் விரிசல் விடாமல், ஒட்டிக்கொள்ளாமல், இரண்டு பக்கத்து வாயுவும் கலக்காமல் நீண்ட காலம் ஓட வேண்டும். எண்ணம் சரி, பொருள் தாங்கவில்லை. மோஸ்டோலெஸ் குழு நகரும் பாகமே உலைக்குள் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இந்த அனுபவமும் பின்னணி என்றே நான் பார்க்கிறேன். நிம்மதியாக ஓடும் உலை கிடைத்தது. வெப்பம் கைநழுவியது.

இப்போது மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, உலையின் சூட்டை வேறொரு பீங்கான் தொட்டிக்கு வாயு மூலம் கடத்தி, அடுத்த சுற்றில் திரும்ப எடுப்பது. சூரிச் குழு இதை ஆய்வகத்தில் செய்துகாட்டியிருக்கிறது. நகரும் பாகம் உலையில் இல்லை, தொட்டிதான் கூடுதல். எனக்கு நம்பிக்கை தரும் வழி இது.

இரண்டாவது, கல்லின் உருவத்தை மாற்றுவது. பஞ்சில் வெளிப்பக்கம் அதிகமாகவும் உள்பக்கம் குறைவாகவும் சூடாகிறது. உள்ளே இருக்கும் சீரியா வேலைக்கு வராமல் சூட்டை மட்டும் குடிக்கிறது. 2023-ல் சூரிச்சில் முப்பரிமாண அச்சு முறையில் புது அமைப்பைச் செய்தார்கள். வெயில் படும் பக்கம் அகலமான வாய்க்கால்கள், பின்னால் போகப் போகக் குறுகல். வெயில் ஆழம் வரை இறங்கி எல்லா இடமும் ஒரே சீராகச் சூடாகிறது. அதே வெயிலுக்கு இரண்டு மடங்கு எரிபொருள் கிடைத்ததாகச் சொன்னார்கள். இதுவும் ஆய்வக அளவில்தான். ஆனாலும் இதே உலைக்குள் பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்லை வைக்கலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி!

மூன்றாவது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2023-ல் முன்வைத்த ரயில் வடிவம். பல உலைகளை ரயில்பெட்டி போல வட்டப்பாதையில் ஓட்டி, சூடான பெட்டியும் குளிர்ந்த பெட்டியும் எதிரெதிரே கடக்கும்போது வெப்பத்தை மாற்றிக்கொள்ளச் செய்வது. வெயிலின் வெப்பத்தில் 40 சதவீதம் வரை ஹைட்ரஜனாக்கலாம் என்று கணித்திருந்தார்கள். காகிதத்தில் பிரமாதமாக இருக்கிறது. எனக்கோ சாண்டியாவின் வளையங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

சீரியாவை விட்டுவிட்டு, குறைந்த சூட்டிலேயே அதிக ஆக்ஸிஜன் விடும் பெரோவ்ஸ்கைட் என்ற ஆக்சைடு வகைகளுக்குப் போகலாமே என்பாரும் உண்டு. எளிதாக விட்டுக்கொடுக்கும் பொருள், கரியமில வாயுவிடமிருந்து பிடுங்கும்போதும் அதே அளவு மந்தமாக இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரம்.

கரியமில வாயு எங்கிருந்து

மோஸ்டோலெஸ் தொடாத ஒரு பகுதியை சூரிச்சில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் கூரை முடித்துவைத்தது. 2019-ல் திறந்து காட்டிய அந்தச் சிறு ஆலை காற்றிலிருந்தே கரியமில வாயுவையும் ஈரத்தையும் பிடித்து, ஒரு குழிக்கண்ணாடித் தட்டின் குவியத்தில் இருந்த இரண்டு சிறிய உலைகளுக்குக் கொடுத்தது. ஓர் உலை ஆறும் நேரத்தில் வெயில் மற்ற உலைக்குப் போகும், வெயில் வீணாகாது. 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவின்படி 7 மணி நேரம் ஓடிய ஒரு நாளில் 32 மில்லிலிட்டர் மெத்தனால் கிடைத்தது. அளவு சின்னது. ஆனால் உள்ளே போனது காற்றும் வெயிலும் மட்டுமே.

இது ஏன் முக்கியம்? சிமென்ட் ஆலைப் புகையிலிருந்து எடுத்த கரியமில வாயுவை எரிபொருளாக்கி விமானத்தில் எரித்தால், அந்தக் கார்பன் கொஞ்சம் தாமதமாகக் காற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். காற்றிலிருந்து எடுத்து எரித்தால்தான் எடுத்த இடத்துக்கே திரும்பப் போகிறது. காற்றில் கரியமில வாயு 10,000 பங்கில் 4 பங்கு சொச்சம். அதைப் பிடிக்க ஆகும் செலவும் எரிபொருளின் விலையில் சேரும். நல்ல வேளையாக, பிடித்ததை விடுவிக்கத் தேவையான சூடு 100 டிகிரிக்கும் கீழேதான். உலை எறியும் வெப்பத்தில் ஒரு துளி போதும்.

பெரிய கணக்கு

அதே 'நேச்சர்' கட்டுரை ஒரு வணிக ஆலையைக் கற்பனை செய்து பார்த்தது. தலா 100 மெகாவாட் வெயில் பிடிக்கும் பத்துக் கண்ணாடி வயல்கள், மொத்தம் 3.8 சதுர கிலோமீட்டர். நாளைக்கு 95,000 லிட்டர் மண்ணெண்ணெய். 325 பயணிகளோடு ஓர் ஏர்பஸ் ஏ-350 லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்ப அது போதும். உலகம் முழுவதும் 2019-ல் விமானங்கள் எரித்த 414 பில்லியன் லிட்டரையும் இப்படியே செய்ய 45,000 சதுர கிலோமீட்டர் வேண்டும், சகாரா பாலைவனத்தில் அரை சதவீதம். லிட்டருக்கு 1.2 முதல் 2 யூரோ ஆகலாம் என்றும் மதிப்பிட்டார்கள்.

இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் நிபந்தனையைச் சொல்வதில்லை: மொத்தச் செயல்திறன் 10 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மொத்தத்தில் 10 வர வேண்டுமென்றால் உலை மட்டும் தனியாக 15-ஐத் தாண்ட வேண்டும். மோஸ்டோலெஸ் நிற்பது 4.1-ல். அதே இடத்தில் நின்றால் நிலமும் கண்ணாடியும் மூன்று நான்கு மடங்காகும். இப்படிப்பட்ட ஆலையில் கண்ணாடி வயல்தான் பெரிய செலவு என்பதால் விலையும் அதே வழியில் ஏறும்.

போட்டியும் சும்மா இல்லை. சூரியத் தகடு வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜனாகிறது. ஆக 13 சதவீதம், அதுவும் இன்றைக்குக் கடையில் வாங்கக்கூடிய சாதனங்களை வைத்து. கரியமில வாயுவைச் சேர்த்து எரிபொருளாக்கும்போது அதிலும் குறையும், இருந்தாலும் வெப்ப வழியை விட முன்னே நிற்கிறது. வெயிலின் எல்லா நிறத்தையும் வெப்பமாக்கிப் பயன்படுத்தலாம், மின்சாரத்தைச் சுற்றிப் போக வேண்டாம் என்று வெப்ப வழிக்குச் சொல்லப்படும் பலம், வெப்பத்தைத் திரும்பப் பிடித்தால்தான் பலம்.

சூரிச் ஆய்வகத்திலிருந்தே 2016-ல் பிறந்த சின்ஹீலியன் நிறுவனம் எடுத்த முடிவை இந்த வெளிச்சத்தில்தான் நான் படிக்கிறேன். 2024 ஜூனில் ஜெர்மனியின் யூலிஷில் 'டான்' என்ற ஆலையைத் திறந்தார்கள். அங்கே இருப்பது சீரியா சுழற்சி அல்ல. சூரிய வெப்பத்தைக் கொண்டு உயிரிவாயுவின் மீத்தேனையும் கரியமில வாயுவையும் நீராவியையும் சின்காஸாக்குகிறார்கள். வெப்பநிலை ஏறி இறங்க வேண்டாம், ஒரே சூட்டில் நாள் முழுக்க ஓடும். பகலில் சேமித்த வெப்பத்தில் இரவிலும் ஓடும். உயிரிவாயு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுக்குத்தான் இது விரியும் என்பது வேறு விஷயம். ஆனால் தொழிலாக நடத்த வேண்டியவர்கள் முதலில் தவிர்த்தது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

மோஸ்டோலெஸுக்கு அடுத்து என்ன? மேலே போட்ட ஒரு கிலோக் கணக்கையே நீட்டிப் பார்க்கலாம். 280 கிலோஜூலில் எதையும் மீட்காவிட்டால், வாய் வழியாகப் போகும் 22 சதவீதத்தையும் கழித்து, கிடைப்பது 10 சதவீத அளவு. அதுவே உச்சம், உண்மையான உலை அதில் பாதியையும் தொடவில்லை. 280-ல் பாதியை மட்டும் மீட்டால் உச்சம் 17-ஐ எட்டுகிறது. கல், வாய், வேதியியல் எதையும் மாற்ற வேண்டாம். 15 சதவீதத்துக்கு மேல் என்று குழு தனக்கு வைத்திருக்கும் இலக்கு கைக்கெட்டும் தூரத்துக்கு வருவது இப்படித்தான். ஒரு பீங்கான் தொட்டி, அதற்கும் உலைக்கும் நடுவே 1,500 டிகிரியைத் தாங்கும் குழாய், அந்தச் சூட்டிலும் கசியாத ஒரு வால்வு. அடுத்த அறிக்கையில் நான் முதலில் தேடப்போவது அந்த வால்வு எத்தனை சுழற்சி தாங்கியது என்பதை.